எண்களுக்கு நிறம் பூசும் தேசப்படம்

ஒவ்வொரு நாளும் காலை 8-30 மணிக்கு நம் நாடெங்கிலும் உள்ள மழைமானி நிலையங்களில் ஒரே வேலை நடைபெறுகிறது. மானியில் சேர்ந்த நீர் அளவுக் குவளையில் ஊற்றப்படுகிறது. அதன் உயரம் மில்லிமீட்டர்க் கணக்கில் படிக்கப்படுகிறது. பதிவேட்டில் ஓர் எண் எழுதப்படுகிறது. தானாகவே அளந்து செய்தி அனுப்பும் மானிகள் பல இடங்களில் வந்துவிட்ட போதிலும், இந்தக் காலை வேலை இன்னும் நின்றுவிடவில்லை. இங்ஙனம் எழுதப்பட்ட எண் வேறு பல எண்களோடு சேர்ந்து, இந்திய வானிலைத் துறையின் இணையத்தளத்தில், மாவட்டவாரியான மழைப் படத்தில் ஒரு நிறமாக மாறி நிற்கிறது. எண்ணை எழுதியவர் தம் நிலையத்தை மட்டுமே அறிவார். படத்தைக் காண்பவரோ நாடு முழுவதையும் ஒரே பார்வையில் கண்டுவிட்டதாக எண்ணுகிறார். இவ்விருவருக்கும் இடையே நிகழ்வது என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னாளில் அரசாங்கப் புள்ளி விவரங்கள் தடித்த அச்சுத் தொகுதிகளாக நூல் நிலையங்களில் கிடந்தன. அவற்றைத் தேடி எடுப்பதற்கே பெருமுயற்சி தேவைப்பட்டது. இன்று அந்நிலை மாறிவிட்டது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் ‘புவன்’ என்னும் இணையத் தேசப்படத்தை வெளியிட்டது. பொதுப் பணத்தில் திரட்டிய விவரங்களைப் பொதுமக்களும் பயன்படுத்த வேண்டும் என்னும் தேசியக் கொள்கையை மத்திய அரசாங்கம் 2012-ஆம் ஆண்டில் வகுத்தது. அதே ஆண்டில் பல துறைகளின் விவரங்களை ஓரிடத்தில் தரும் இணையத்தளமும் தொடங்கப்பெற்றது. மக்கள் தொகை, மழை, நிலத்தடி நீர், காடு, பயிர் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களை இப்பொழுது கிராமப் பள்ளியின் ஆசிரியரும் தம் கைப்பேசியிலேயே தேசப்படமாகக் காணலாம்.

இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. அட்டவணையைப் பார்ப்பவன் நின்று யோசிக்கிறான்; படத்தைப் பார்ப்பவன் உடனே நம்பிவிடுகிறான். தேசப்படம் நமக்கு நல்ல வினாக்களைத் தரும். ஆனால் அவ்வினாக்களுக்கு உரிய விடை களத்தில்தான் கிடைக்கும். இதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

லண்டன் நகரில் ஒரு கைப்பம்பு

1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், லண்டன் நகரின் சோஹோ பகுதியில் காலரா நோய் திடீரெனப் பரவிற்று. பத்து நாட்களுக்குள் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். கெட்ட காற்றினால்தான் இந்நோய் வருகிறது என்பது அக்காலத்துப் பொது நம்பிக்கை. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் மட்டும் குடிநீரின்மேல் ஐயம் கொண்டார். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து மாண்டவர்களின் பட்டியலை அவர் பெற்றார். அப்பட்டியல் ஒரு பொதுப் புள்ளி விவரமே என்பதை நாம் கருத வேண்டும். இறப்பு நேர்ந்த வீடுகளில் பெரும்பாலானவை பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றி அமைந்திருந்தமை தெரிய வந்தது. அவருடைய வேண்டுகோளின்படி செப்டம்பர் 8-ஆம் நாள் அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஒவ்வோர் இறப்பையும் ஒரு சிறு கோடாகக் குறித்து அவர் வரைந்த புகழ்பெற்ற தேசப்படம் அச்சேறியது அதற்குப் பின்னரேயாகும்.

இக்கதையை இத்துடன் நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் இதற்கு மேல் உள்ள பகுதியே நமக்கு முக்கியமானது. கோடுகள் பம்பைச் சுற்றிக் குவிந்திருந்தமை மட்டும் ஸ்னோவுக்குப் போதுமானதாக இல்லை. தம் கருத்துக்குப் பொருந்தாத இடங்களை அவர் தேடிச் சென்றார். பம்புக்கு அருகிலேயே ஏழைகள் தங்கும் விடுதி ஒன்றில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இருந்தும் ஐவரே மாண்டனர். அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. அத்தெருவிலேயே இருந்த மதுச்சாலைத் தொழிலாளர்கள் ஒருவர்கூட மாளவில்லை. அவர்கள் அப்பம்பின் நீரைக் குடிக்கவில்லை. மாறாக, வெகு தொலைவில் ஹாம்ஸ்டெட் என்னும் இடத்தில் வசித்த ஒரு மூதாட்டி மாண்டார். அந்நீரின் சுவையை விரும்பி, நாள்தோறும் வண்டியில் அதனை வரவழைத்துக் குடித்து வந்தார் அவர் என்பது விசாரித்தபின் தெரிந்தது. காலரா நுண்ணுயிரை ராபர்ட் காக் கல்கத்தா நகரில் ஆராய்ந்து உறுதிப்படுத்தியது 1884-ஆம் ஆண்டில். அதாவது முப்பது ஆண்டுகள் கழித்து. நுண்ணுயிரைக் காணாமலேயே உண்மையை நெருங்க ஸ்னோவுக்கு உதவியவை இரண்டு: ஒன்று பட்டியல், மற்றொன்று வீடு வீடாக நடந்த கால்கள்.

இணையத் தேசப்படம் உருவாகும் விதம்

படியெடுக்கும் மெல்லிய தாள்கள் சிலவற்றை மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு தாளில் ஆறுகளும், ஒன்றில் சாலைகளும், ஒன்றில் மாவட்ட எல்லைகளும் வரையப்பட்டுள்ளன. எல்லாத் தாள்களும் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் பொருந்தி நிற்கின்றன. இணையத் தேசப்படத்தின் அமைப்பும் இதுவே. நாம் வேண்டும் தாளை வைக்கவும், வேண்டாததை எடுக்கவும் அது வசதி செய்து தருகிறது.

இவற்றோடு புள்ளி விவர அட்டவணை ஒன்றை இணைக்கும்போதுதான் நிறம் தோன்றுகிறது. அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்று கணிப்பொறி அறிய வேண்டும். பெயரைக் கொண்டு இணைத்தால் தவறு நேரும். பிலாஸ்பூர் என்னும் மாவட்டம் இமாசலப் பிரதேசத்திலும் உண்டு, சத்தீஸ்கரிலும் உண்டு. ஹமீர்பூர் உத்தரப் பிரதேசத்திலும் உண்டு, இமாசலத்திலும் உண்டு. எழுத்துக் கூட்டலில் நேரும் வேறுபாடுகளுக்கோ கணக்கில்லை. ஆகவேதான் மாவட்டம் முதல் கிராமம் வரை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீட்டு எண் வழங்கப்பட்டுள்ளது. பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அக்குறியீடுகளின் தொகுதியைப் பராமரித்து வருகிறது. படிவத்தில் கிராமத்தின் பெயருக்கு அருகே குறியீட்டு எண்ணையும் கேட்பது வெறும் அலுவலகச் சம்பிரதாயம் அன்று. அதனைத் தவறாக எழுதினால் ஒரு கிராமத்தின் விவரம் வேறொரு கிராமத்தின்மேல் போய் அமர்ந்துவிடும்.

எல்லைகளும் நிலையாக நிற்பதில்லை. 2001-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 593 மாவட்டங்கள் இருந்தன. 2011-இல் அவை 640 ஆயின. தெலுங்கானா மாநிலம் 2014 ஜூன் 2 அன்று உருவானபோது அதில் 10 மாவட்டங்களே இருந்தன. 2016-இல் 31-ஆகவும், 2019-இல் 33-ஆகவும் அவை பெருகின. எனவே 2011-ஆம் ஆண்டு எண்களைப் புதிய எல்லைகளில் இட்டுக் காட்டும் படத்தைக் கண்டால், பழைய மாவட்டத்தின் எண்ணைப் புதிய மாவட்டங்களுக்கு எம்முறையில் பங்கிட்டார்கள் என்று கேட்டறிதல் வேண்டும்.

பரப்பு வேறு, மக்கள் வேறு

இடங்களுக்கு அளவுக்கேற்ற நிறச்செறிவைத் தந்து படம் வரையும் முறையை 1826-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் சார்ல்ஸ் துப்பேன் கையாண்டார். கல்வியின் நிலையை அவர் அவ்வாறு காட்டினார். இன்று இணையத்தில் நாம் காணும் படங்களில் மிகுதியானவை இவ்வகையினவே. இம்முறையின் பெருங்குறை யாதெனின், பெரிய இடம் பெரிதாகக் கண்ணில் படும் என்பதே.

இராசத்தான் மாநிலத்தின் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 38,400 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலம் முழுவதன் பரப்பும் ஏறத்தாழ அதுவே. சுமார் 38,850 சதுர கிலோமீட்டர். ஆகவே படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு மையை விழுங்குகின்றன. ஆனால் 2011-ஆம் ஆண்டில் ஜெய்சல்மேரில் இருந்தோர் 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர். கேரளத்தில் இருந்தோர் 3 கோடியே 34 இலட்சம் பேர். ஐம்பது மடங்கு வேறுபாடு! நிறத்தின் பரப்பைக் கொண்டு ‘எத்தனை மக்கள் இதனால் பாதிக்கப்படுகின்றனர்’ என்று முடிவு செய்பவர் இங்கே பெரிதும் ஏமாந்துபோவார். மொத்த எண்ணிக்கையைக் காட்ட வேண்டுமாயின், அளவுக்கேற்ற வட்டங்களை இடத்தின்மேல் வரைவது நேர்மையான முறை. நிறச்செறிவு, விகிதத்தைக் காட்டுவதற்கே ஏற்றது. அவ்விகிதம் எத்தனை பேருக்கு, அல்லது எத்தனை சதுர கிலோமீட்டருக்குக் கணக்கிடப்பட்டது என்பதையும் படத்தின் குறிப்பில் தேடிக் காணவேண்டும்.

வகுப்பு எல்லைகள் செய்யும் மாயம்

எண்கள் பல, நிறங்களோ நான்கைந்து. ஆகையால் எண்களை வகுப்புகளாகப் பிரிக்க நேர்கிறது. எங்கே பிரிப்பது என்று தீர்மானிப்பவர் படம் வரைபவரே.

2011-ஆம் ஆண்டில் ஒரு சதுர கிலோமீட்டரில் வாழ்ந்தோர், அருணாசலப் பிரதேசத்தில் 17 பேர், இராசத்தானில் 200, மகாராட்டிரத்தில் 365, தமிழ்நாட்டில் 555, உத்தரப் பிரதேசத்தில் 829, கேரளத்தில் 860, பீகாரில் 1,106. பதினேழுக்கும் ஆயிரத்து நூற்றாறுக்கும் இடைப்பட்ட தூரத்தை மூன்று சம பாகமாக்கினால், முதல் வகுப்பு 380 வரை நீளும். அப்பொழுது அருணாசலமும் மகாராட்டிரமும் ஒரே நிறம் பெறும். இருபத்தொரு மடங்கு வேறுபாடு மறைந்துபோகும். எல்லைகளை 100 என்றும் 400 என்றும் வைத்தால் அவை பிரிந்துவிடும். ஆனால் தமிழ்நாடும் பீகாரும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இவற்றில் ஒன்று பொய், மற்றொன்று மெய் என்பதில்லை. எந்த வேறுபாட்டைக் காட்டுவதற்காக எதனை மறைத்தார்கள் என்று கேட்பதே முறை.

மழைப் படத்திலும் இவ்வாறே. வானிலைத் துறை, பெய்த மழையை அவ்விடத்தின் இயல்பான அளவோடு ஒப்பிட்டு, 19 சதவீதம் குறைவு முதல் 19 சதவீதம் மிகுதி வரை ‘இயல்பு’ என வகுக்கிறது. 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் ‘பற்றாக்குறை’. 60 சதவீதமும் அதற்கு மேலும் குறைந்தால் ‘மிகு பற்றாக்குறை’. அதே அளவுகளில் கூடினால் ‘அதிகம்’, ‘மிக அதிகம்’ என்று பெயர். இயல்பு 300 மில்லிமீட்டராக உள்ள மாவட்டத்தில் 243 பெய்தால் ‘இயல்பு’; 240 பெய்தால் ‘பற்றாக்குறை’. மூன்று மில்லிமீட்டரில் நிறம் மாறிவிடுகிறது! இனி, இயல்பே 5 மில்லிமீட்டராக உள்ள வறண்ட மாவட்டத்தில் ஒரு வாரத்தில் 8 பெய்தால், அது 60 சதவீதம் கூடுதல். ஆதலால் ‘மிக அதிகம்’ என்னும் நிறம் விழும். அம்மழையில் ஏர் பூட்ட இயலுமா என்பதை நிறம் சொல்லாது, உழவர் சொல்வார்.

பெரிதாக்கினால் தெளிவு கூடுமா?

இணையப் படத்தை விரலால் விரித்தால் அது பெரிதாகும். நம் கிராமம், நம் தெரு, நம் பள்ளியின் கூரைகூடத் தெரியும். அதன்மேல் விழுந்துள்ள நிறமும் நம் பள்ளிக்கே உரியது என்ற மயக்கம் அப்பொழுது உண்டாகிறது.

வானிலைத் துறை 1901-ஆம் ஆண்டு முதலான நாள்தோறும் பெய்த மழையைக் கட்டங்களாக வகுத்து வெளியிட்டுள்ளது. ஒவ்வொரு கட்டத்தின் பக்கமும் கால் பாகை. அதாவது ஏறத்தாழ 25 முதல் 28 கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்குள் எத்தனையோ கிராமங்கள் அடங்கும். அருகிலுள்ள மழைமானிகளின் எண்களைக் கொண்டு கணக்கிட்ட மதிப்பே அக்கட்டத்தின் நிறம். படத்தை நூறு மடங்கு பெரிதாக்கினாலும் அக்கட்டம் சிறு கட்டங்களாகப் பிரியாது. பருவமழைக்காலத்தில் ஊரின் ஒரு பக்கம் கொட்டி, மறுபக்கம் தூறாமல் போவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கட்டம் அதனை அறியாது.

நிலத்தடி நீரின் தரத்தைக் காட்டும் படங்களில் இவ்வெச்சரிக்கை இன்னும் அவசியமாகும். குடிநீரில் புளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று. வேறு நீர் கிடைக்காத இடத்து 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ளது. சோதித்த கிணறுகளுக்கு இடைப்பட்ட நிலமும் படத்தில் ஒரே சீராக நிறம் பூண்டிருக்கலாம். ஆனால் ஆழமும் பாறையும் மாறும்போது, அடுத்தடுத்த இரு கிணறுகளின் நீரும் வேறுபடக் கூடும். படத்தில் பச்சையாக உள்ளது என்பதற்காகச் சோதிக்காத கிணற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுதல் ஆகாது. எங்கே முதலில் சோதிக்க வேண்டும் என்பதைப் படம் காட்டும். சோதனையின் வேலையை அது செய்துவிடாது.

சுழியும் வெற்றிடமும்

இதுகாறும் கூறியவை படத்தைக் காண்போருக்கு உரியவை. இனிக் கூறுவது பதிவேட்டில் எழுதுவோருக்கு உரியது.

ஒரு மாவட்டத்தில் மூன்று மழைமானிகள் உள்ளன என்றும், அவ்வாரத்தின் இயல்பு மழை 32 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். முதல் நிலையத்தில் 40; இரண்டாவதில் 32. மூன்றாம் நிலையத்தில் பொறுப்பாளர் விடுப்பில் சென்றமையால் அளவு எடுக்கப்படவில்லை. அவ்விடத்தைக் குறியிட்டு வெற்றிடமாக விட்டால், இரு நிலையங்களின் சராசரி 36, மாவட்டம் ‘இயல்பு’. படிவம் நிறைந்திருக்க வேண்டும் என்று எண்ணி ஒருவர் அங்கே சுழியை எழுதிவிட்டால், மூன்றின் சராசரி 24. மாவட்டம் 25 சதவீதக் குறைவுடன் ‘பற்றாக்குறை’. மழை மாறவில்லை, ஒரு சுழி நிறத்தை மாற்றிவிட்டது. சுழி என்பது ‘அளந்தேன், இல்லை’ என்று பொருள்படும். வெற்றிடம் ‘அளக்கவில்லை’ என்று பொருள்படும். இவ்விரண்டும் தம்முள் மாறினால், பின்னர் எந்தக் கணிப்பொறியாலும் அவற்றைப் பிரித்தறிய இயலாது.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. காசநோயைக் கண்டறியும் மருத்துவர் எவராயினும் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆணை பிறந்தது. ஆயினும் அறிவிக்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை வேறு. உள்ள நோயாளிகளின் எண்ணிக்கை வேறு. வீடு வீடாகச் சென்று இருமல் உள்ளவர்களைத் தேடிச் சளியைச் சோதிக்கும் பணியாளர்கள் உள்ள வட்டாரம், படத்தில் கருமையாகத் தோன்றும். தேடாத வட்டாரம் வெளுப்பாகத் தோன்றும். அவ்வெளுப்பைக் கண்டு மகிழ்ந்து, கருமைக்காகப் பணியாளரைக் கடிந்துகொண்டால் நேர்வது என்ன? அடுத்த ஆண்டில் அவர்கள் தேடுவதைக் குறைத்துக்கொள்வர். படம் வெளுக்கும், நோய் வெளுக்காது. நோயாளி மருந்தின்றி வீட்டிலேயே இருமிக்கொண்டிருப்பார். ஆகவே நோய்ப் படத்தைக் காணும் மேலதிகாரி, ‘எத்தனை பேரைச் சோதித்தீர்கள்?’ என்ற வினாவை முதலிலும், ‘எத்தனை பேருக்குக் கண்டீர்கள்?’ என்பதைப் பின்னரும் கேட்டல் வேண்டும்.

நோயாளியின் வீட்டைப் பொதுப் படத்தில் புள்ளியாகக் குறித்தலும் தகாது. ஸ்னோ தெருக்களில் கோடிட்டது தம் காலத்துக்குப் பொருந்திற்று. இன்று சிறு ஊரில் ஒரே ஒரு புள்ளி விழுந்தாலும் அது யாரெனத் தெரிந்துவிடும். பொதுமக்கள் காணும் படத்தில் வட்டார அளவில் தொகுத்த எண்ணே போதுமானது.

வகுப்பறையில் செய்து பார்க்க

இவற்றை மாணவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்ய வைத்துப் புரியவைத்தல் எளிது. நாட்டின் வெற்றுத் தேசப்படம் இரண்டைக் கொடுத்து, மேலே கண்ட ஏழு மாநிலங்களின் மக்கள் அடர்த்தியை முதற்படத்தில் சம இடைவெளி வகுப்புகளாலும், இரண்டாவதில் 100, 400 என்னும் எல்லைகளாலும் நிறம் தீட்டச் சொல்லலாம். பின்னர் இரண்டையும் சுவரில் மாட்டி, ‘இவை ஒரே நாட்டின் ஒரே ஆண்டுப் படங்களா?’ என்று பிற வகுப்பு மாணவர்களைக் கேட்கலாம்.

மற்றொரு பயிற்சி மழையைப் பற்றியது. பக்கங்கள் நேராக உள்ள அகன்ற வாய்க் குப்பி ஒன்றைப் பள்ளித் திடலில், மரங்களுக்கும் சுவர்களுக்கும் விலகி நிறுத்தி, நாள்தோறும் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை அளக்கலாம். ஒரு சதுர மீட்டரில் பெய்யும் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீராகும் என்பதைக் கொண்டு, பள்ளிக் கூரையில் விழுந்த நீரையும் கணக்கிடலாம். ஒரு மாதத்துக்குப் பின் தம் எண்களை மாவட்டப் படத்தின் எண்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு காணும். அவ்வேறுபாடு மாணவரின் பிழையா, மாவட்டச் சராசரியின் இயல்பா, அல்லது அளக்கத் தவறிய ஒரு நாளின் விளைவா என்று ஆராய்வதே உண்மையான பாடம். ஒரு நாள் அளக்க மறந்த மாணவன் அவ்விடத்தைச் சுழியால் நிரப்பாமல் வெற்றிடமாக விட்டிருந்தால், ஆசிரியர் அவனைப் பாராட்டுவாராக.

2011-க்குப் பின் 2021-இல் எடுக்கப்பட வேண்டியிருந்த குடிமதிப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச்சு 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட குடிமதிப்புக்கு 2025 ஜூன் மாதத்தில் அறிவிக்கை வெளிவந்தது. அதன் எண்களும் புதிய தேசப்படங்களாக நம் முன் வந்து நிற்கும். அப்படங்களின் ஒவ்வொரு நிறத்துக்கும் அடியில், ஏதோ ஒரு வாயிற்படியில் நின்று ஒருவர் கேட்ட வினாவும், மற்றொருவர் சொன்ன விடையும் இருக்கும். அவ்வினாவைக் கேட்கப்போகும் களப்பணியாளரும், அப்படத்தை வகுப்பில் விரிக்கப்போகும் ஆசிரியரும் ஒரே வேலையின் இரு முனைகளில் நிற்பவர்கள். முன்னவர் அளக்காததை அளந்ததாக எழுதாதிருப்பாராக. பின்னவர் படத்தின் குறிப்பைப் படிக்காமல் நிறத்தைப் படிக்காதிருப்பாராக.